இதயத்தை வரையத் தெரிந்திருந்தது

அக்கா மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். பெரியவர்கள் பத்துப் பேரிடம் போய், "நீங்கள் படிக்கும்போது இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிற பாடம் எது?" என்று கேட்டு எழுதி வர வேண்டும். ஆளுக்கு ஒரு வரி. என்னிடம் வரும்போது ஏழு பேரை முடித்திருந்தாள். நான் யோசிக்கக்கூட இல்லை, வரிக் கணக்கு எப்படித் தாக்கல் செய்வது என்று சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்றேன். அவள் எழுதவில்லை. "சித்தி, இதையே நாலு பேர் சொல்லிட்டாங்க. நீங்களாவது வேற ஏதாவது சொல்லுங்களேன்" என்றாள்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். வரி, வங்கிக் கடன், வரி, சமையல், சட்டம், வரி, மறுபடியும் வரி. எல்லாமே நியாயமான ஆசைதான். ஆனால் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது ஏதோ இடித்தது. வரிப் படிவத்தை நானே முப்பது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து, தெரிந்தவரிடம் இரண்டு சந்தேகம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு விதிகள் எத்தனையோ தடவை மாறிவிட்டன. பதினாலு வயதில் யாராவது அதைச் சொல்லிக் கொடுத்திருந்தால் தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்திருப்பேன், நினைவிருந்தாலும் பழைய விதியாகத்தான் இருந்திருக்கும். அப்படியானால் அதைப் பள்ளியில் சொல்லிக் கொடுக்கவில்லை என்று நான் ஏன் இத்தனை வருஷம் குறைபட்டுக்கொண்டிருந்தேன்?

அவளிடம் ஒரு வாரம் டைம் கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பள்ளியிடம் ஒன்று இருக்கிறது, அது அப்புறம் நமக்கு எங்கேயும் கிடைப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷ நேரம். கூடவே, நம் வயதுள்ள முப்பது நாற்பது பேர் தினமும் ஒரே அறையில். வேலைக்குப் போன பிறகு நீங்கள் எதைக் கற்றாலும் தனியாகத்தான் கற்பீர்கள், ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு ஒரு வீடியோவைப் பார்த்து, பாதியில் கண் சொக்கி. தனியாக உட்கார்ந்து கற்க முடிகிற விஷயங்களை அப்படிக் கற்றுக்கொள்ளலாம், பரவாயில்லை. கையும் உடம்பும் பழக வேண்டியவை, எதிரில் இன்னொரு ஆள் இல்லாமல் கற்கவே முடியாதவை, வருஷா வருஷம் திரும்பச் செய்தால்தான் ஒட்டுபவை என்று சில இருக்கின்றனவே, அவற்றுக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமே கிடையாது. என் ஏக்கமெல்லாம் இப்போது அந்தப் பாடங்களின் மேல்தான்.

முதலில் இதயம்.

பத்தாம் வகுப்பில் இதயத்தின் படம் வரைவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. வலது பக்கம் நீலம், இடது பக்கம் சிவப்பு, நான்கு அறைகள், ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு, பெருந்தமனி எல்லாவற்றுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துப் பெயர் எழுதுவேன். முழு மதிப்பெண். என் படத்தை டீச்சர் அடுத்த வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டியதுகூட உண்டு.

பல வருஷம் கழித்து, அலுவலகத்தில் மதிய இடைவேளை முடிகிற நேரம், எங்கள் பிரிவின் மூத்தவர் ஒருவர் நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்து கீழே விழுந்தார். நாங்கள் பதினோரு பேர் இருந்தோம், நன்றாக நினைவிருக்கிறது. ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து அவர் வாயில் ஊற்றப் பார்த்தார். நினைவில்லாதவருக்குத் தண்ணீர் கொடுத்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. இன்னொருவர் ஃபைலால் விசிறினார். ஒருவர் போனில் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். விழுந்தவர் இடைவெளி விட்டு விட்டு, குறட்டை மாதிரி ஒரு சத்தத்தோடு காற்றை இழுத்தார். "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரு நிம்மதி. நானும் அதை நம்பினேன்.

அது மூச்சு இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் மூளைத்தண்டு அனிச்சையாகச் செய்கிற இழுப்பு அது. ஆள் அசைவில்லாமல் கிடக்கிறார், கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொண்டு மார்பில் அழுத்தத் தொடங்க வேண்டும். மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கை, அதன் மேல் இன்னொன்று, முழங்கை மடங்காமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், ஒவ்வொரு தடவையும் மார்பு முழுவதும் மேலே எழும்ப விட்டு. மூளைக்கு ரத்தம் நின்றால் நான்கைந்து நிமிடத்தில் செல்கள் சாகத் தொடங்குகின்றன. ஆம்புலன்ஸ் வர அதைவிட வெகுநேரம் ஆனது. அவர் திரும்பி வரவில்லை.

நாங்கள் அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அது யாருக்கும் தெரியாது. ஆனால் பதினோரு பேர், எல்லாரும் படித்தவர்கள், எல்லாரும் ஏதோ ஒரு வயதில் இதயத்தின் படத்தை வரைந்தவர்கள், அதன் மேல் கை வைக்க ஒருவருக்கும் தெரியாமல் சுற்றி நின்றோம் என்பது என்னை விடவே இல்லை.

இதை நான் ஏதோ நடக்காத காரியமாகக் கேட்கவில்லை. 1960ல் நார்வேயைச் சேர்ந்த பொம்மை தயாரிப்பாளர் ஆஸ்முன்ட் லேர்டால் உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சிக்கென்றே ஆளுயர பொம்மை ஒன்றைச் செய்தார். பாரிஸின் சேன் ஆற்றில் கிடைத்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு இளம்பெண்ணின் முகத்தை அதற்கு வைத்தார். இன்றும் உலகில் பல இடங்களில் அந்த முகத்தை வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். டென்மார்க்கில் 2005 முதல் பள்ளியில் இந்தப் பயிற்சி கட்டாயம், அடுத்த வருஷமே ஓட்டுநர் உரிமம் எடுப்பவர்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். அங்கே 2001ல், மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோனவர்களில் 21 சதவீதம் பேருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் மார்பில் அழுத்தினார்கள். 2010ல் அது 45 சதவீதத்தை நெருங்கியது. முப்பது நாள் கடந்தும் உயிரோடிருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமானார்கள். பள்ளி மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது, அதே காலத்தில் அங்கே மருத்துவ வசதிகளும் மேம்பட்டன. ஆனாலும் அழுத்திய கைகள் இரண்டு மடங்கானதில் வகுப்பறைக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

2015ல் உலக சுகாதார நிறுவனம் ஆதரவு தெரிவித்த ஒரு பரிந்துரை இருக்கிறது. பன்னிரண்டு வயதிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு இரண்டு மணி நேரம் இந்தப் பயிற்சி கொடுத்தால் போதும் என்கிறது. இரண்டே மணி நேரம்! நான் இதயத்துக்கு நீலமும் சிவப்பும் தீட்டிப் பழகிய நேரம் அதைவிட அதிகம்.

சரி, கணக்குக்கு வருகிறேன், இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பணத்தைப் பற்றி ஒரு பாடம் வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அந்தப் பாடம் இருந்தது, அதன் கடைசிப் பக்கம்தான் இல்லை. தனிவட்டி, கூட்டுவட்டி இரண்டுமே படித்தோம். அசல், காலம், வட்டி வீதம் மூன்றையும் கொடுத்து வட்டியைக் கண்டுபிடி என்பார்கள், கண்டுபிடிப்போம். நான் முதன்முதலாகக் கடன் வாங்கியபோது "வெறும் பத்து சதவீதம்தான் மேடம், ஃப்ளாட்" என்றார்கள். 1,20,000 கடன், ஒரு வருஷம், வட்டி 12,000, ஆக மாதம் 11,000 கட்ட வேண்டும். கணக்குச் சரியாகத்தான் இருந்தது, கையெழுத்துப் போட்டேன்.

என் கண்ணில் படாதது என்னவென்றால், மாதா மாதம் நான் அசலிலும் 10,000 திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி மாதம் என் கையில் இருந்தது வெறும் 10,000, ஆனால் வட்டி மட்டும் 1,20,000 முழுவதும் வருஷம் பூராவும் என்னிடம் இருந்ததுபோலக் கணக்கிடப்பட்டது. பன்னிரண்டு மாதத்துக்குச் சராசரி எடுத்தால் என்னிடம் இருந்த பணம் 65,000தான். அதற்குப் போய் 12,000 வட்டி! குறைந்துகொண்டே வரும் அசலுக்கு வட்டி போடுகிற முறையில் பார்த்தால் இது வருஷத்துக்குச் சுமார் 18 சதவீதம். புத்தகத்தில் அந்தப் பயிற்சியின் கடைசியில், "இதே கடனை மாதத் தவணையில் திருப்பிச் செலுத்தினால் உண்மையான வட்டி எவ்வளவு?" என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, கூடுதலாக இருந்திருக்கலாம். அதற்குப் புதுப் பாடமும் வேண்டாம், புது ஆசிரியரும் வேண்டாம்.

எனக்குக் கோபமே வருகிற இடம் அடுத்தது. படிப்பது எப்படி என்பதை நான் படித்த எந்த இடத்திலும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"நல்லாப் படி" என்று சொல்லாத ஆளே கிடையாது. எப்படி என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. நானாக ஒரு வழி வைத்திருந்தேன். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது, முக்கியமான வரியைப் பச்சை ஸ்கெட்சில் அடிக்கோடிடுவது, அப்புறம் அதையும் திரும்ப வாசிப்பது. மூன்றாம் தடவை வாசிக்கும்போது எல்லாம் பழகிய முகம்போல இருக்கும், தெரிந்துவிட்டது என்று மனசு சொல்லும். தேர்வு அறையில் கேள்வித்தாளைப் பார்த்தால் அந்த வரி பக்கத்தில் எந்த மூலையில் இருந்தது, எவ்வளவு தூரம் பச்சைக் கோடு போனது என்பது வரை ஞாபகம் வரும். வரி மட்டும் வராது. எனக்கு மூளை போதாது என்றே முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவோடுதான் கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது என்பதையும் தீர்மானித்தேன், அதாவது கடினம் என்று சொல்லப்பட்ட எதன் பக்கமும் போகவில்லை.

மறதிக்கு ஒரு கணக்கு உண்டு என்பது 1885லேயே தெரிந்த விஷயம். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளே இல்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாகத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே அளந்து பார்த்தார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது, ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்குப் பிறகு நழுவுவது மெதுவாகிறது, ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. ஒரே நாளில் பலமுறை படிப்பதைவிட, அதே அளவை நாட்களில் பரப்பிப் படித்தால் நன்றாக நிற்கிறது என்பதையும் அவரே குறித்து வைத்தார்.

2006ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஒரு சோதனை இருக்கிறது. அதைப் பற்றிப் படித்த அன்று என் பச்சை ஸ்கெட்சை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு சிறு உரைநடைப் பகுதி. சிலர் அதை இரண்டு தடவை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை வாசித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் இரண்டு தடவை வாசித்தவர்கள் முந்தினார்கள், 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ். வாசித்தவர்களுக்கு 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. இன்னும் ஒன்று, அதே ஆய்வின் அடுத்த சோதனையில் உனக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் அதிக நம்பிக்கையோடு சொன்னார்கள். மூன்றாவது வாசிப்பில் எனக்கு வந்ததும் அந்தப் பழகிய முகத்தின் நம்பிக்கைதான். என் மூளையில் எந்தக் கோளாறும் இல்லை, புத்தகத்தை மூடத்தான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இதைத் தனியாக, நாற்பது வயதில், ஒரு கட்டுரையில் படித்துத் தெரிந்துகொள்வதற்கும் ஆறாம் வகுப்பிலிருந்து தினமும் வகுப்பு முடிகிற ஐந்து நிமிடத்தில் எல்லாரும் நோட்டை மூடிவிட்டு அன்றைக்கு என்ன படித்தோம் என்று எழுதிப் பழகுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! இதற்குத் தனிப் பாடநூல்கூடத் தேவையில்லை. அந்த ஐந்து நிமிடமும், ஏன் இப்படிச் செய்கிறோம் என்று சொல்கிற ஒரு ஆசிரியரும் போதும்.

இதுவரை சொன்னவை இல்லாத பாடங்கள். இருந்தும் எனக்குக் கிடைக்காத பாடம் ஒன்று உண்டு, அதைச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் வலிக்கிறது.

எங்கள் பள்ளியில் மரவேலை வகுப்பு இருந்தது. பையன்களுக்கு மட்டும். அந்த நேரத்தில் பெண்களுக்குத் தையல். தையல் அறையிலிருந்து கழிப்பறைக்குப் போகிற வழியில்தான் அந்தப் பட்டறை, ஜன்னல் என் தோள் உயரம். இழைப்புளியை முன்னால் தள்ளும்போது அதன் வாயிலிருந்து மரச்சீவல் ஒரே நீளமாகச் சுருண்டு வரும், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற அளவு மெல்லிசாக. ஒரு பையனிடம் கேட்டு அப்படி ஒரு சுருளை வாங்கிப் பாடப்புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். பலகையின் ஓரத்தில் மூலைமட்டத்தை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பார்வை வேண்டும் போலிருந்தது. ஒரு நாள் தைரியமாக ஆசிரியரிடம் கேட்டேன், "அதுக்கெல்லாம் இடம் இல்லம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விதி அப்படி என்பதைத்தான் சொன்னார்.

தையல் எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்ல வேண்டும். இன்றுவரை என் துணிகளை நானே பிரித்துத் தைத்துக்கொள்கிறேன். அதே பள்ளியில் படித்த என் வயது ஆண்கள் பலர் ஒரு பட்டன் அறுந்தால் தவிக்கிறார்கள். இழப்பு இரண்டு பக்கமும்தான். ஜப்பானில் மனையியல் வகுப்பு வெகுகாலம் பெண்களுக்கென்றே இருந்தது. 1993ல் நடுநிலைப் பள்ளிகளிலும் 1994ல் மேல்நிலைப் பள்ளிகளிலும் அதை ஆண் பெண் இருவருக்கும் கட்டாயமாக்கினார்கள். ஒரே வகுப்பில் எல்லாரும் சமைக்கிறார்கள், தைக்கிறார்கள், வீட்டுக் கணக்கு எழுதுகிறார்கள். அட்டவணையில் ஒரு கோட்டை அழித்தால் நடந்துவிடுகிற காரியம்.

அந்தக் கோட்டுக்கு வரலாறு நீளம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் சோஃபி ஜெர்மேன் சிறுமியாக இருந்தபோது ராத்திரியில் கணக்குப் படிக்கிறாள் என்று பெற்றோர் மெழுகுவர்த்தியை எடுத்து ஒளித்து வைத்தார்கள். 1794ல் பாரிஸில் புதிதாகத் தொடங்கிய எக்கோல் பொலிடெக்னிக் என்ற பொறியியல் கல்லூரியில் பெண்களுக்கு அனுமதி இல்லை. லெ பிளாங்க் என்ற மாணவரின் பெயரில் பாடக் குறிப்புகளை வரவழைத்துப் படித்து, அதே பெயரில் பேராசிரியர் லக்ராஞ்சுக்குப் பயிற்சிகளை எழுதி அனுப்பினார். ஸ்காட்லாந்தின் கணிதவியலாளர் மேரி சாமர்வில்லுக்கும் மெழுகுவர்த்தி பறிபோனது, அவர் யூக்ளிட்டின் முதல் ஆறு நூல்களை மனப்பாடமாக்கி வைத்துக்கொண்டு இருட்டில் படுத்தபடியே மனசுக்குள் தேற்றங்களைப் போட்டுப் பார்த்தார். இரண்டு நாடு, இரண்டு வீடு, ஒரே மெழுகுவர்த்தி. எக்கோல் பொலிடெக்னிக் பெண்களைச் சேர்த்தது 1972ல். நான் அவர்களைப் போலப் பெரிய ஆள் இல்லை, இருட்டில் எதையும் செய்து பார்க்கவுமில்லை. அந்தச் சுருளை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன், அதுவும் ஒரு நாள் பொடியாக உதிர்ந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. இப்போது என்னை யாராவது பன்னிரண்டு வயதுக்குத் திரும்ப அனுப்பினால், முதலில் இந்த வகுப்புக்குத்தான் ஓடுவேன்: சைகை மொழி.

பக்கத்து மேஜையில் காது கேளாத ஒரு தோழி இரண்டு வருஷம் வேலை பார்த்தார். நாங்கள் தாளில் எழுதிக் காட்டிப் பேசிக்கொள்வோம். ஒரு நாள் நான் அவசரத்தில், எழுதச் சோம்பிக்கொண்டு, வாயை மெதுவாக அசைத்துப் பேசினேன், அவர் படித்துவிடுவார் என்ற நினைப்பில். அவர் சிரித்துக்கொண்டே கைக்கண்ணாடியை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்து, தாளில் இரண்டு சொற்களை எழுதி, சத்தமில்லாமல் சொல்லச் சொன்னார். பாடம், மாடம். நீங்களும் கண்ணாடி முன்னால் சொல்லிப் பாருங்கள். உதடுகளில் ஒரு வித்தியாசமும் தெரியாது. படி, மடி, அதுவும் அப்படித்தான். வாழ்நாள் முழுக்க அவர் எங்கள் எல்லாருடைய உதடுகளையும் பார்த்து எது பாடம், எது மாடம் என்று ஊகித்துக்கொண்டே இருந்திருக்கிறார், எங்களுக்கு அவர் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. சைகை மொழி என்றால் உலகம் முழுக்க ஒன்றுதான் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன். உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பின் கணக்குப்படி முந்நூறுக்கும் மேல் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கணம்.

அந்த மொழியைக் காது கேளாத பிள்ளைகளுக்கே மறுத்த கதையும் உண்டு. 1880ல் இத்தாலியின் மிலான் நகரில் ஒரு சர்வதேச மாநாடு கூடி, காது கேளாதோர் பள்ளிகளில் பேச்சு வழியாகத்தான் கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே காது கேட்பவர்கள். அதன் பிறகு பல நாடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வகுப்பில் கையை அசைத்தால் தண்டனை. அந்தத் தீர்மானங்களைத் தள்ளிவிட்டு வருத்தம் தெரிவித்தது 2010ல், கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசை. இடையில் 130 வருஷம்.

நிகரகுவாவில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. 1970களின் பிற்பகுதிவரை அங்கே காது கேளாத பிள்ளைகள் பெரும்பாலும் தங்கள் வீட்டோடு தனித்தனியே கிடந்தார்கள், வீட்டுக்கு வீடு ஏதோ சில ஜாடைகள், அவ்வளவுதான். தலைநகர் மனாகுவாவில் ஒரு சிறப்புப் பள்ளி வந்தது, பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். வகுப்பில் ஆசிரியர்கள் ஸ்பானிய மொழியை உதட்டசைவால் கற்பிக்க முயன்றார்கள், அது பெரிதாக எடுபடவில்லை. ஆனால் விளையாட்டு நேரத்திலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்கள் வீட்டு ஜாடைகளை ஒன்றோடொன்று கலந்து பேசத் தொடங்கினார்கள். அடுத்து வந்த சின்னப் பிள்ளைகள் அதை எடுத்து இன்னும் செம்மையாக்கினார்கள். சில வருஷங்களில் அது இலக்கணமுள்ள ஒரு முழு மொழியாகிவிட்டது. மொழியியலாளர்கள் ஒரு புது மொழி பிறப்பதைக் கண்ணெதிரே பார்த்தார்கள். அந்தப் பள்ளி கொடுத்த மிகப் பெரிய பாடத்தை அந்தப் பள்ளி கற்பிக்கவே இல்லை, ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரே இடத்தில் தினமும் சேர்த்து வைத்தது, அதிலேயே அது நடந்துவிட்டது.

என் தோழி வேலை மாறிப் போவதற்குள் நாற்பது சைகைகள்வரை கற்றுக்கொண்டேன். விரல்கள் இந்த வயதில் வளைய மறுக்கின்றன. ஆளுக்குப் பேர் வைக்கிற சைகை ஒன்றை எனக்கும் கொடுத்தார், கன்னத்தில் ஒரு சின்னக் கோடு இழுப்பது போல, நான் எப்போதும் பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசிப்பேனாம். அவர் போன பிறகு பழகுவதற்கு எதிரில் ஆள் இல்லை. கண்ணாடியைப் பார்த்துக் கொஞ்ச நாள் செய்தேன், பாதிக்கு மேல் மறந்துவிட்டது. எபிங்ஹாஸின் கணக்கு என்னிடமும் தப்பவில்லை.

ஒரு வாரம் கழித்து அக்கா மகள் வந்தாள். இதையெல்லாம் சொன்னேன், கொஞ்சம் வேகமாகவே. பொறுமையாகக் கேட்டுவிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினாள். "ஒரு வரிதான் சித்தி இடம் இருக்கு."

"சரி, நீயே எது வேணுமோ எழுதிக்கோ."

கொஞ்ச நேரம் பேனாவைச் சுழற்றினாள். அப்புறம், "அந்த நெஞ்சுல அழுத்துறது, உங்களுக்கு இப்பத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறேன், அங்கே அந்தப் பாரிஸ் பெண்ணின் முகத்தோடு ஒரு பொம்மை இருந்தது. அவள் எழுந்து போய் சோபாவிலிருந்து கெட்டியான குஷனை எடுத்துவந்து தரையில் போட்டாள்.

முழங்காலிட்டு உட்காரச் சொன்னேன். தோள் நேராகக் கைக்கு மேலே வர வேண்டும், முழங்கை மடங்கக் கூடாது, பலம் கையிலிருந்து இல்லை, உடம்பின் எடையிலிருந்து வர வேண்டும். முதல் பத்து அழுத்தத்தைச் செல்லமாகத் தட்டுவது போலச் செய்தாள். இன்னும் ஆழமா, இன்னும் என்றேன். எண்ணிக்கொண்டே அழுத்தினாள். முப்பதில் மூச்சு வாங்கியது, ஐம்பதில் முடியை ஒதுக்கினாள், நூறு தாண்டியதும் முகம் சிவந்துவிட்டது. ஒருவரே செய்துகொண்டிருந்தால் ஆழம் குறைந்துவிடும், இரண்டு பேர் இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தேன். சுவர்க் கடிகாரத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே எண்ணினாள். முள் இரண்டாவது சுற்றை முடித்ததும், "இப்ப நீங்க, சித்தி, நிக்கக் கூடாது, சீக்கிரம்" என்று சொல்லி நகர்ந்து இடம் விட்டாள். அவள் கை எடுத்த இடத்தில் குஷன் எழும்புவதற்குள் நான் கையை வைத்தேன்.